பாதிச் சோற்றில்

தாராபுரத்துக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அமராவதி ஆற்றில் தண்ணீர் வந்தாலே பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கிற ஊர். அதனால் கதிர்வேல் சரக்குக் கப்பலில் செகண்ட் ஆபீசர் ஆனதுமே ஊர் அவனைக் கேப்டன் ஆக்கிவிட்டது. டீக்கடையிலிருந்து கோயில் கமிட்டி வரைக்கும் கேப்டன்தான். முதல் இரண்டு வருஷம் அவனும் திருத்திப் பார்த்தான், அப்புறம் அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டான். இந்த ஐந்து மாதமாக மட்டும் யாராவது அப்படிக் கூப்பிட்டால் காதில் விழாதவன் போல நடந்துவிடுகிறான்.

அந்தச் சனிக்கிழமை காலை அவன் கோயமுத்தூர் பஸ் ஏறியது ஒரு அயோக்கியத்தனமான காரியத்துக்காக. வீட்டில் சொன்னது என்னவோ, "நம்ம கப்பல் பையனைப் பார்த்துட்டு வாரேன்" என்பதுதான். மடியில் ஒரு கிலோ மைசூர்பாகு வேறு. செவ்வாய்க்கிழமை சென்னையில் விசாரணை. அவனும் போக வேண்டும், அஃபானும் போக வேண்டும். அஃபான் பதினைந்து நாளாக ஃபோனை எடுக்கவில்லை. பையன் சொன்ன சொல்லில் நிற்கிறானா, இல்லை மனசு மாறிவிட்டானா என்று மோப்பம் பிடிக்கத்தான் இந்தப் பயணம் என்பது கதிர்வேலுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தேதான் மைசூர்பாகு வாங்கினான்.

நடந்தது இதுதான். மழைக்காலம், மேற்குக் கடற்கரையை ஒட்டிக் கப்பல் வடக்கே போய்க்கொண்டிருந்தது. பகல் பன்னிரண்டிலிருந்து நாலு வரை கப்பலை நடத்துகிற பொறுப்பு கதிர்வேலுடையது. பிரிட்ஜ் என்று சொல்லப்படும் மேல்தள அறையில் அவனும், வெளியே கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க ஒரு மாலுமியும். அந்த மாலுமி அஃபான், இருபத்துநாலு வயது, கோயமுத்தூர் கோட்டைமேட்டுப் பையன். கப்பலில் இருந்த இருபத்திரண்டு பேரில் இவர்கள் இரண்டு பேருக்குத்தான் தமிழ். அதிலும் இருவருக்கும் ஒரே கொங்குத் தமிழ். பேச ஆரம்பித்தால் ஆளுக்கு ஒரு 'ங்க' போட்டு, மற்றவர்கள் சிரிக்கிற அளவுக்கு மரியாதை நடக்கும்.

அன்றைக்கு விடிகாலை மூன்று மணிக்கே துறைமுகத்தில் கயிறு அவிழ்க்கும் வேலைக்கு அஃபானை எழுப்பிவிட்டார்கள். காலைச் சாப்பாடு போயிற்று. நனைந்த துணி மாற்றிக்கொண்டு நேரே பன்னிரண்டு மணிக்குப் பிரிட்ஜுக்கு வந்து நின்றான். ஒரு மணிக்கு அவன் முகத்தைப் பார்த்த கதிர்வேலுக்குப் பொறுக்கவில்லை. பசியோடு ஒருத்தனைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொள்ள அவன் வளர்ந்த வீட்டில் யாருக்கும் வராது. வெளி வராந்தாவில் நின்றிருந்தவனிடம் போய், "சாப்டுட்டு வா கண்ணு. அவசரப்படாத, அரை மணி நேரம் ஆகட்டும். நான் பாத்துக்கறேன்" என்றான். அஃபான் தயங்கினான். இவன்தான் தோளைத் தட்டிக் கீழே அனுப்பினான்.

கண்காணிப்பு ஆளை அப்படி அனுப்பக்கூடாது. சட்டம் அது. பளிச்சென்று வெயில் அடிக்கிற நாளில் பல கப்பலில் அனுப்புகிறார்கள் என்பது வேறு விஷயம். அன்றைக்கு வெயில் அடிக்கவில்லை. மணி ஒன்று ஐந்துக்கெல்லாம் மழை பிடித்துக்கொண்டது. ஒன்று இருபத்துநாலுக்குக் கப்பலின் மூக்கு ஒரு சின்ன ஃபைபர் படகின் மேல் ஏறியது. படகில் இருந்தது இரண்டு பேர். ஒருவரை உயிரோடு எடுத்தார்கள். தாசன் என்கிற இன்னொருவரை உயிரில்லாமல் எடுத்தார்கள். நாற்பத்தோரு வயது.

அன்று சாயங்காலம் கதிர்வேல் அஃபானைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான். கேட்காமல் நீயாகத்தான் இறங்கிப் போனாய் என்று சொல்லிவிடு என்றான். உனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு போய்விடும், எனக்கு லைசென்ஸே போய்விடும், தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிறது என்றான். அடுத்த கப்பலில் நானே உன்னைச் சேர்த்துவிடுகிறேன் என்றும் சொன்னான். அஃபான் தலையைக் குனிந்தபடி "சரிங்க சார்" என்றான். அவ்வளவுதான். வாக்குவாதம், கெஞ்சல் எதுவும் இல்லை. பிரிட்ஜ் பேச்சைப் பதிவு செய்கிற கருவி உள்ளே இருக்கிறது, கதிர்வேல் சொன்னதோ வெளி வராந்தாவில். அதனால் கருவியும் அவனைக் காட்டிக் கொடுக்கவில்லை.

எச்சரிக்கைக் கடிதத்தோடு போகவில்லை. கம்பெனி அஃபானை அடுத்த துறைமுகத்திலேயே இறக்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை அவனுடைய கடல் புத்தகத்தையும் பிடுங்கிவிடுவார்கள் என்று எல்லோருமே பேசிக்கொண்டார்கள். அந்தப் புத்தகம் இல்லாமல் எந்தக் கப்பலிலும் கால் வைக்க முடியாது.

உக்கடத்தில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனான். சந்துக்குள் மாடி வீடு, கீழே மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை. அஃபானின் அத்தா பீர் முகம்மது திறந்து கிடந்த ஒரு தண்ணீர் மோட்டாரின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அறுபதை நெருங்கும் வயது, மூக்குக் கண்ணாடி. யார் என்று தெரிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அவர் எழுந்த வேகத்தில் கதிர்வேலுக்குப் பயம் வந்தது. எல்லாம் தெரிந்துவிட்டது, சட்டையைப் பிடிக்கப் போகிறார் என்றே நினைத்தான். அவர் அவனுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நானே தாராபுரம் வரோணும்னு இருந்தனுங்க தம்பி. எந்த மூஞ்சிய வெச்சுட்டு வர்றதுன்னுதான் இருந்துபோட்டேன். எம்பையன் பண்ணுன காரியத்துக்கு உங்களுக்கும் கெட்ட பேரு. மன்னிச்சுக்கோங்க."

பையன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது கதிர்வேலுக்கு அந்த நொடியே புரிந்தது. பெற்ற தகப்பனிடம்கூடச் சொல்லவில்லை. வந்த காரியம் வாசலிலேயே முடிந்துவிட்டது, அப்படியே திரும்பிப் போய்விடலாம். ஆனால் அவர் கையை விடவில்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கய்யா" என்று ஏதோ சொன்னான். அவனுக்கே அது கேட்கச் சகிக்கவில்லை.

அஃபான் பீளமேட்டில் ஒரு மில்லுக்கு மோட்டார் கொடுக்கப் போயிருந்தான், வந்துவிடுவான் என்றார். மாடிக்குக் கூட்டிப் போனார். அஃபானின் அம்மா சாஜிதா பேகம் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, அவன் நீட்டிய மைசூர்பாகை வாங்கிக்கொண்டு, சாப்பிடாமல் போகக்கூடாது என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். நெய்ச்சோற்று வாசனை வீடு முழுக்க இருந்தது. பீர் முகம்மது பாயில் எதிரே உட்கார்ந்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கோணும். எரிஞ்ச மோட்டாரு எதனால எரிஞ்சுதுன்னு தெரியாம நான் மறுக்கா காயில் கட்ட மாட்டனுங்க. இவன்கிட்டக் கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கறான். அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு எனக்கு ஒருக்காப் போட்டுக் காட்டுவீங்களா?"

கதிர்வேல் மாட்டிக்கொண்டான். தெரியாது என்று சொல்ல முடியாது. இந்த ஐந்து மாதத்தில் அவன் அந்த இருபத்துநாலு நிமிஷத்தை எத்தனை தடவை காகிதத்தில் போட்டுப் பார்த்திருக்கிறான் என்பதற்குக் கணக்கில்லை. பேப்பர் இருக்கிறதா என்று கேட்டான். அவர் கடையிலிருந்து காயிலுக்கு இடையில் வைக்கும் விறைப்பான இன்சுலேஷன் தாளில் ஒரு பெரிய துண்டு வெட்டி எடுத்துவந்தார், பென்சிலும் இரும்பு ஸ்கேலும் சேர்த்து.

நடுவில் ஒரு புள்ளி வைத்தான். இது நம் கப்பல் என்றான். டம்ளரைக் கவிழ்த்து ஒரு வட்டம், சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து ஒரு பெரிய வட்டம். ரேடார் பெட்டியில் இப்படித்தான் தெரியும், நாம் நடுவில், மற்றவர்கள் சுற்றி என்றான். ஒரு கப்பல் தெரிந்தால் அதை ஒரே தடவை பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆறு நிமிஷம் விட்டு இன்னொரு புள்ளி, இன்னும் ஆறு நிமிஷம் விட்டு இன்னொன்று. மூன்றையும் கோடாக இழுத்து நீட்டினால் அது நம்மை எவ்வளவு கிட்டத்தில் கடக்கும், எத்தனை மணிக்குக் கடக்கும் என்று தெரிந்துவிடும். கோடு நடுப்புள்ளியை விட்டு விலகிப் போனால் நிம்மதி. நடுப்புள்ளியைப் பார்த்து வந்தால் நாம் ஏதாவது செய்தாக வேண்டும்.

பீர் முகம்மது தலையாட்டினார். அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. அவரே ஸ்கேலைப் பிடித்துக்கொள்ள, கதிர்வேல் வலப்பக்கத்திலிருந்து வந்த கன்டெய்னர் கப்பலுக்கு மூன்று புள்ளி வைத்தான். மணி ஒன்று இரண்டுக்கு ஒன்பது மைல். ஒன்று எட்டுக்கு ஆறரை. ஒன்று பதினாலுக்கு நாலு. கோடு நடுப்புள்ளியைக் கால் மைலில் உரசிக்கொண்டு போயிற்று.

"வலப்பக்கமிருந்து வர்றவனுக்கு நாமதான் வழி விடோணுமுங்க. அதுனால நான் கப்பலை வலக்கை பக்கமா நாப்பது டிகிரி திருப்பினேன். ஒண்ணே காலுக்கு."

"சரியாத்தானுங்களே பண்ணியிருக்கீங்க."

அதுதான் கொடுமை. அது சரிதான். எந்தப் பரீட்சையிலும் அதற்கு முழு மார்க் உண்டு. திருப்பிய திசையில், இரண்டு மைலில், தாசனின் படகு நின்றிருந்தது. கதிர்வேல் அங்கே ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டான். பென்சில் முனை ஒடிந்தது.

"இந்தப் படகு பெட்டியில தெரியலீங்களா?"

மழை பெய்தால் ரேடாரில் மழையே வெள்ளையாகக் கொட்டிக் கிடக்கும் என்று அவன் விளக்கினான். அதை அழிக்க ஒரு திருகு உண்டு. கன்டெய்னர் கப்பல் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று அதைக் கூட்டி வைத்தான். பெரிய இரும்புக் கப்பல் பளிச்சென்று நின்றது. மழையோடு சேர்ந்து ஃபைபர் படகும் அழிந்துபோயிற்று. ஒரு நிமிஷம் திருகைக் குறைத்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. இதை முதலில் கொடுத்த வாக்குமூலத்திலேயே ஒத்துக்கொண்டிருக்கிறான். கனமழையில் யாருக்கும் நேரக்கூடியது என்று அதிகாரிகளும் எழுதிக்கொண்டார்கள்.

"அப்ப மிஷினு ஏமாத்துற நேரத்துல பாக்கறதுக்குத்தானுங்களே மனுசன்" என்றார் பீர் முகம்மது.

"ஆமாங்க."

"மழையில கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரிஞ்சிருக்கும்?"

"அரை மைலுங்க."

"அரை மைலு வர எத்தனை நேரம்?"

"ரெண்டு நிமிசத்துக்குச் சித்தெ மேல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அடுத்த கேள்வி என்ன என்று கதிர்வேலுக்குத் தெரியும். அவன் தினமும் தன்னைக் கேட்டுக்கொள்கிற கேள்வி அது.

"எம்பையன் அங்க நின்னிருந்தா தப்பிச்சிருக்குமுங்களா?"

தப்பித்திருக்காது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்தத் தகப்பனுக்கு அதுவாவது ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் காகிதத்தின் முன்னால் உட்கார்ந்துகொண்டு கதிர்வேலால் பொய் சொல்ல முடியவில்லை. மனிதர்களிடம் சொன்ன பொய்யே தொண்டையில் நிற்கிறது. ரெண்டு நிமிஷத்தில் சுக்கானை முழுக்கத் திருப்பியிருந்தால் கப்பலின் மூக்கு ஒதுங்கியிருக்கும், படகு தப்பியிருக்குமுங்க என்றான்.

பீர் முகம்மது அந்தப் பெருக்கல் குறியின் மேல் விரலை வைத்தார். அப்புறம், "அப்ப எம்பையன்தான்" என்றார்.

உண்மையைச் சொல்லப் போய் அந்த உண்மையும் பையன் தலையிலேயே விடிந்தது. இழுத்த கோடு, வைத்த புள்ளி, சொன்ன நிமிஷம் எல்லாமே சரி. ஒரே ஒரு விஷயம் விட்டுப்போயிற்று, அது விட்டுப்போனதால் மற்ற எல்லாமே அஃபானுக்கு எதிரான சாட்சியாகிவிட்டன. இப்போதே சொல்லிவிடு என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அதே நேரத்தில் கீழே வண்டி வந்து நிற்கிற சத்தமும் கேட்டது.

அஃபான் இளைத்திருந்தான். கதிர்வேலைப் பார்த்ததும் முகம் ஒரு கணம் மலர்ந்து, பிறகு பாயில் கிடந்த தாளைப் பார்த்துச் சுருங்கியது. "வாங்க சார், எப்ப வந்தீங்க" என்று கேட்டுவிட்டுச் சுவரோரமாக நின்றான். நின்றபடியே அத்தாவின் முகத்தைப் பார்த்தான். அவர் அவனைப் பார்க்கவில்லை.

சாஜிதா பேகம் கதிர்வேலுக்குத் தட்டு வைத்து நெய்ச்சோறும் தால்ச்சாவும் பரிமாறினார். பரிமாறிவிட்டு, அஃபான் கை கழுவப் போன நேரம் பார்த்து அவன் பக்கமாகக் குனிந்தார்.

"தம்பி, அவன் அங்கிருந்து வந்த நாளா மத்தியானம் ஒரு வாய் திங்கறதில்லீங்க. காத்தால திங்கறான், ராத்திரி திங்கறான். மத்தியானம் தட்டு வெச்சா எந்திரிச்சுக் கடைக்குப் போயிடறான். நாங்க சொல்லி அலுத்துப்போச்சு. உங்க மேல உசுரு அவனுக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பானுங்க."

கதிர்வேலுக்குக் கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது. கப்பல் இடித்த சமயத்தில் அஃபான் கீழே பாதிச் சோற்றில் இருந்தான். சத்தம் கேட்டு எழுந்த வேகத்தில் தட்டு மேசையிலிருந்து வழுக்கி விழுந்தது. ஜன்னல் வழியே கவிழ்ந்த படகு கடந்து போவதைப் பார்த்தான். மீட்புப் படகில் முதலில் குதித்ததும் அவன்தான், தாசனைத் தண்ணீரிலிருந்து தூக்கியதும் அவன்தான். இதெல்லாம் கதிர்வேலுக்குத் தெரியும். மத்தியானச் சாப்பாட்டையே அவன் விட்டுவிட்டான் என்பது மட்டும் இப்போதுதான் தெரிந்தது.

அஃபான் வந்து நின்றான். அம்மா கண்ணால் கெஞ்சினார். கதிர்வேல் வேறு வழி தெரியாமல் வாயைத் திறந்தான்.

"உக்காரு கண்ணு. சாப்பிடு."

அஃபான் அவனை நிமிர்ந்து பார்த்தான். அன்றைக்குப் பார்த்த அதே பார்வை, அதே தயக்கம். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்தான். அம்மா ஓடிப்போய்த் தட்டு கொண்டுவந்தார். முதல் வாயை ரொம்ப நேரம் மென்றான். இரண்டாவது வாய் கொஞ்சம் சீக்கிரம் போயிற்று. சாஜிதா பேகம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதிர்வேலின் தட்டில் கேட்காமலே இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

பீர் முகம்மது சாப்பிடவில்லை. தாளைச் சுவரோரமாக நகர்த்தி வைத்துவிட்டு, பையன் காதில் விழட்டும் என்றே பேசினார். செவ்வாய்க்கிழமை அவரும் கூடப் போகிறாராம். அதிகாரிகள் கேட்பதற்கு முன்னால் தாங்களே கடல் புத்தகத்தைக் கொடுத்துவிடப் போகிறார்களாம். இனிமேல் கடல் வேண்டாம், கடையைப் பார்த்துக்கொள்ளட்டும். அங்கிருந்து நேரே தாசன் வீட்டுக்குப் போய், என் மகனால்தான் இப்படி ஆயிற்று என்று அவர் சம்சாரத்திடம் சொல்லிவிட்டு வர வேண்டும். இன்றைக்கு இந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு மனசு தீர்மானப்பட்டதாம்.

அஃபான் தலை நிமிரவில்லை. சோற்றைப் பிசைந்து பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

சொல்ல வேண்டும், இப்போது சொல்லியே ஆக வேண்டும் என்று கதிர்வேல் நினைத்தான். கூடவே, பாவம், ஐந்து மாதம் கழித்து இன்றைக்குத்தான் மத்தியானச் சோற்றில் கை வைத்திருக்கிறான், சாப்பிட்டு முடிக்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்றும் நினைத்தான். அப்படி நினைத்த மாத்திரத்தில் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே நினைப்பை அவன் ஏற்கெனவே ஒருமுறை நினைத்திருக்கிறான்.

ஒன்றே காலுக்குக் கப்பலைத் திருப்பியதும் கேப்டனுக்கு ஃபோன் செய்தான். அவர் வருகிறேன் என்றார், வந்து சேர்ந்தது என்னவோ இடித்த பிறகுதான். ரிசீவர் கையிலேயே இருந்தது. அடுத்தது கீழே சாப்பாட்டு அறைக்குச் செய்து, மழை பிடிச்சிருச்சு மேல வா என்று அஃபானைக் கூப்பிட வேண்டியதுதான். நம்பர் மூன்றே இலக்கம். விரலும் போயிற்று. இப்போதுதான் தட்டில் கை வைத்திருப்பான், காலையிலிருந்து பட்டினி, சாப்பிடுகிறவனைப் பாதியில் எழுப்பக்கூடாது, முடித்துவிட்டு வரட்டும் என்று ரிசீவரை வைத்தான். சாப்பிடுகிற ஆளைத் தட்டிலிருந்து எழுப்புவது அவர்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் நடக்காது. கடன்காரனாக இருந்தாலும் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் திண்ணையில் காத்திருப்பான். அந்த மரியாதையைத்தான் கதிர்வேல் கடலுக்கும் கொண்டுபோனான். ஒன்பது நிமிஷம் கழித்துத் தாசன் செத்தார்.

இப்போதும் அதேதான் நடக்கப் போகிறது. சாப்பிட்டு முடிப்பான், கை கழுவுவான். டீ வரும். ஐந்து மணி பஸ்ஸுக்கு நேரமாகும். செவ்வாய்க்கிழமை வரும்.

"ஐயா" என்றான். "அஃபான் கேக்காமப் போகலீங்க. நான்தானுங்க சாப்பிட்டுட்டு வான்னு அனுப்பிச்சேன். அரை மணி நேரம் ஆகட்டும்னு சொன்னதும் நான்தான். அவன் வேண்டாம்னுதானுங்க நின்னான். மழை வந்தப்பறமும் கூப்பிடாம விட்டேன், சாப்பிடறவனை எழுப்பக்கூடாதுன்னு. அப்பறம் எல்லாத்தையும் அவன் தலையில போட்டுட்டேன். அவனை அப்படிச் சொல்லச் சொன்னதும் நான்தானுங்க."

அஃபானின் கை தட்டில் நின்றுவிட்டது. "வேண்டாங்க சார்" என்று மெதுவாகச் சொன்னான். சொல்லிவிட்டு எழுந்தான். பாதிச் சோறு அப்படியே கிடந்தது. ஐந்து மாதம் கழித்துச் சாப்பிட உட்கார்ந்தவனை இப்போது பாதியில் எழுப்பியது தான்தான் என்று கதிர்வேலுக்கு உறைத்தது. ஆனாலும் சொன்னதற்காக அவன் வருத்தப்படவில்லை. முன்பு எழுப்பாமல் விட்டதற்காகத்தான் அழுகை வந்தது.

பீர் முகம்மது மகனைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமல்லடா?"

"சார் கேட்டுக்கிட்டாருங்க அத்தா. சரின்னு சொல்லிப்போட்டேன்."

அந்தப் பதிலில் புகாரே இல்லை. அதைத்தான் கதிர்வேலால் தாங்க முடியவில்லை. சோற்றுக் கையோடு எழப் போனான். கத்துவார், அடிப்பார், வெளியே போடா என்பார் என்று எதிர்பார்த்தான். அதில் எதுவாக இருந்தாலும் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"உக்காருங்க சார்" என்றார் பீர் முகம்மது. வந்ததிலிருந்து வாய்க்கு வாய் தம்பி என்றவர், முதல்முறையாக சார் என்றார். "சாப்பிட்டு முடிங்க. எங்க ஊட்டுலயும் யாரையும் பாதிச் சோத்துல எழுப்பறதில்லீங்க."

சாஜிதா பேகம் அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றிருந்தார். அவர் கதிர்வேலைப் பார்த்த பார்வையில் அவ்வளவு வெறுப்பு இருந்தது. ஆனாலும் தண்ணீர்ச் சொம்பை அவன் பக்கமாக நகர்த்தி வைத்தார். கதிர்வேல் சாப்பிட்டான். அவர் வைத்த அந்தக் கூடுதல் கரண்டியையும் சேர்த்து, ஒரு பருக்கை விடாமல் தின்றான். அவன் மெல்லுகிற சத்தம் அவனுக்கே கேட்டது.

கை கழுவிவிட்டு வந்ததும் பீர் முகம்மது அந்த இன்சுலேஷன் தாளையும் வேறொரு பென்சிலையும் முன்னால் வைத்தார். விட்டுப்போனதை எழுத வேண்டும் என்பது கதிர்வேலுக்குப் புரிந்தது. வட்டத்துக்கு வெளியே, மணி ஒன்று இரண்டு என்று போட்டிருந்த முதல் புள்ளிக்கு மேலே எழுதினான். பகல் ஒரு மணிக்குக் கண்காணிப்பு மாலுமி அஃபானைச் சாப்பிட அனுப்பியது நான். ஒன்றே காலுக்கு அழைக்க முடிந்தும் அழைக்கவில்லை. முன்னால் கொடுத்த வாக்குமூலம் பொய். கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதினான். பிறகு ஃபோனை எடுத்து, விசாரணை அதிகாரிக்கு அதையே மின்னஞ்சலாக அடித்து, அவர்கள் மூன்று பேர் முன்னாலும் அனுப்பினான். லைசென்ஸ் போகும். தை மாதக் கல்யாணமும் என்ன ஆகும் என்று தெரியாது. பயமாக இருந்தது. ஆனால் ஐந்து மாதமாக இருந்த பயத்துக்கு இது எவ்வளவோ மேல்.

பீர் முகம்மது தாளை எடுத்து ஒருமுறை முழுக்கப் படித்தார். அந்த விறைப்புக்கு அது மடியவில்லை. சுருட்டி, காயில் கட்டுகிற நூலால் இரண்டு சுற்றுச் சுற்றி முடி போட்டார். "செவ்வாக்கிழமை அங்க பாக்கலாமுங்க" என்று மட்டும் சொன்னார். மைசூர்பாகுப் பொட்டலத்தை எடுத்து அவன் பையிலேயே திரும்ப வைத்தார்.

கதிர்வேல் படி இறங்கினான். பின்னாலேயே அஃபான் வந்தான். அவன் வர வேண்டிய அவசியமே இல்லை, வழியனுப்புகிற பழக்கத்தில் வந்துவிட்டான். கடை வாசலில், திறந்து கிடந்த மோட்டாருக்குப் பக்கத்தில் நின்றார்கள். கதிர்வேல் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அஃபான் அதற்கு இடம் கொடுக்காமல் அவனே பேசினான். கோபமாகப் பேசவில்லை, இத்தனை நாளாகத் தெரியாத ஒன்று தெரிந்துவிட்டது போல யோசித்து யோசித்துப் பேசினான்.

"சார், நான் சாப்பிடற எடத்துக்கு நேர் எதுக்கத்தானுங்க ஃபோன் இருந்துச்சு. நீங்க கூப்பிட்டிருந்தீங்கன்னா பாதியில எந்திரிச்சு ஓடியாந்திருப்பனுங்க. எனக்கு அதெல்லாம் ஒண்ணுமே இல்லீங்க."

மாடியிலிருந்து சாஜிதா பேகம் மகனைக் கூப்பிட்டார், சோறு ஆறுது வாடா என்று. அஃபான் "வாரேம்மா" என்று சொல்லிவிட்டு இரண்டிரண்டு படியாக ஏறிப் போனான்.